காரணம் சொல்லாத மெயில்

"வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்." புராடக்ட் மேனேஜர் வேலைக்கு நாலைந்து சுற்று நேர்காணல் முடித்தவருக்கு வருவது பெரும்பாலும் இவ்வளவுதான். ஏன் என்று கேட்டு எழுதினால் பதில் வராது.

எனக்கு அப்படி ஒரு மெயில் வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "சம்பளம் கூடக் கேட்டிருப்பே" என்றார் அண்ணன். "நேரம் சரியில்லப்பா, தை பொறக்கட்டும்" என்றார் அம்மா. நான் எனக்கே சொல்லிக்கொண்டவை இவற்றைவிட மோசம்: என் ஆங்கிலம், படித்த கல்லூரி, வயது. எதற்கும் ஆதாரமில்லை. ஆனாலும் தூக்கம் வராத ராத்திரியில் அவைதான் உண்மை என்று படும்.

கேள்வி கேட்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். நேர்காணல் செய்த ஒவ்வொருவரும் குறிப்பெழுதி, எடுக்கலாம் அல்லது வேண்டாம் என்று பதிவு செய்வார்கள். பிறகு எல்லோரும் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு வந்தவரின் திறமையோடு நிற்பதில்லை. பட்ஜெட் நின்றுபோயிருக்கும். இளையவர் போதும் என்று ஆரம்பித்தவர்கள், சீனியர்தான் வேண்டும் என்று மாறியிருப்பார்கள். கம்பெனிக்குள்ளேயே ஒருவர் அந்த இடத்தைக் கேட்டிருப்பார். ஆக, காரணம் எங்கோ எழுத்தில் இருக்கிறது. அதை அனுப்பினால் வாதாடுவார்கள், வழக்குக்குப் போவார்கள் என்ற பயத்தில் ஹெச்ஆர் பொதுவான இரண்டு வரியோடு முடித்துக்கொள்கிறது.

பரீட்சை எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பார்க்கலாம் என்று 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் கம்பெனியின் நேர்காணல் குறிப்பு அந்தச் சட்டத்துக்குள் வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள், நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் தகவல் சொல்லியாக வேண்டும் என்று 2026 ஜனவரியில் விதி வந்திருக்கிறது. அங்கேயும் முடிவெடுத்தாகிவிட்டதா என்பதைத்தான் சொல்ல வேண்டும், காரணத்தை அல்ல. ஒருவரின் பல நாள் உழைப்பை வாங்கிக்கொண்டவர்களுக்கு இது போதும் என்று நான் நினைக்கவில்லை.

இதில் நம் கையில் இருப்பது ஒன்று. நேர்காணல் முடிந்த அன்றைக்கே, முடிவு தெரிவதற்கு முன், கேட்டதையும் சொன்னதையும் எழுதி வைத்துவிட வேண்டும். மெயில் வந்தபிறகு நினைத்துப் பார்த்தால் சொன்ன பதிலெல்லாம் தப்பாகவே தெரியும். என் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. சென்னை மெட்ரோ 2023-இல் கொண்டுவந்த வாட்ஸ்அப் டிக்கெட்டை வைத்து ஒரு கேள்வி: ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களை எப்படிக் குறைப்பீர்கள்? முதலில் அவர்கள் யார் என்று பிரித்தேன். நெட் கிடைக்காதவர், யுபிஐ பின் மறந்தவர், கவுண்டரில் கூட்டமில்லை என்று அங்கேயே டிக்கெட் வாங்கியவர். கடைசி ஆள் நஷ்டமே அல்ல, அவர் ரயிலேறிவிட்டார். அந்தப் பதிலை இன்று கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். அதை எழுதி வைத்திராவிட்டால், அந்த மெயிலைப் படித்த கையோடு அதையும் தப்புக் கணக்கில் சேர்த்திருப்பேன்.

இன்னொன்றும் பலன் தருகிறது. "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. "அந்த மெட்ரோ கேள்வியில் எந்த எண்ணை முதலில் பார்த்திருப்பீர்கள்?" என்று நேர்காணல் செய்தவரையே கேட்டால் சிலர் பதில் எழுதுகிறார்கள். தொழில் பேசுவதற்கு அவர்களுக்கும் தயக்கமில்லை.

என் முறை வரும்போது, கடைசிச் சுற்றுவரை வந்தவர்களை நானே போனில் கூப்பிடுகிறேன். அப்படி ஒரு பெண்ணிடம் சொன்னேன்: "பிரச்சினையைப் பிரிச்ச விதம் நல்லா இருந்துச்சும்மா. ஆனா எதை முதல்ல செய்வீங்கன்னு கேட்டப்ப எல்லாத்தையும் செய்யலாம்னு சொல்லிட்டீங்க. அங்கதான் நின்னுபோச்சு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்களா இருந்தா எதை விடுவீங்க சார்?" என்று கேட்டார். அதன்பிறகு பேச்சு அதைப் பற்றியே வெகுநேரம் போனது.