ஒரே எண், மூன்று பொருள்

புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர் கையில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் பி.எஸ்.ஏ. என்ற பெயர், அடுத்து அவருடைய அளவு, கடைசியில் 'நார்மல்: 0 – 4'. அளவு 1.5 என்று இருந்தால், நாலுக்குள்தானே இருக்கிறது என்று சீட்டை மடித்து வைத்துவிடுவார்கள். அந்த நிம்மதி நியாயமானதாகவும் இருக்கலாம், ஆபத்தில் கொண்டுபோயும் விடலாம். எது என்று சீட்டு சொல்லாது. அந்த 0 – 4, சுரப்பி முழுதாக உள்ள, சிகிச்சை பெறாத ஆண்களுக்காக அச்சிட்ட அளவு. சிகிச்சைக்குப் பின் வரும் எண்ணை வேறு மூன்றோடு ஒப்பிட வேண்டும்: என்ன சிகிச்சை நடந்தது, இதுவரை இறங்கிய மிகக் குறைந்த அளவு எது, போன முறை எவ்வளவு. இதை மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் வீட்டாரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம். நல்ல செல்லும் சுரக்கும், புற்றுநோய்ச் செல்லும் சுரக்கும். ஆபரேஷனில் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால், ரத்தத்தில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் 0.1 நானோகிராமுக்கும் கீழே போய்விட வேண்டும். பிறகு அது 0.2-ஐ எட்டி, மறுபடி எடுத்துப் பார்த்தும் இறங்காவிட்டால் நோய் திரும்புவதாகக் கொள்வது மருத்துவ வழக்கம். ஆகவே ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு 1.5 நார்மலே அல்ல. கரண்ட் வைத்துக்கொண்டவர், அதாவது கதிர்வீச்சு பெற்றவரின் கதை வேறு. சுரப்பி உள்ளேயே இருக்கிறது. செல்கள் மெல்ல மெல்லத்தான் மடியும். அளவு அடிமட்டத்துக்கு வர ஒன்றரை ஆண்டும் ஆகலாம், இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். நடுவில் சற்று ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. அதனால்தான் 2005-ல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கூடிய வல்லுநர்கள், எட்டிய குறைந்த அளவுக்கு மேல் 2 கூடினால் நோய் திரும்பியதாகக் கொள்ளலாம் என்று வகுத்தார்கள். குறைந்த அளவு 0.5 என்றால் எல்லை 2.5. கரண்ட் முடிந்து ஆறு மாதத்தில் 20-லிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தால் அது நல்ல சேதி. ஹார்மோன் ஊசி போடுகிறவருக்கும் விரை அகற்றப்பட்டவருக்கும் மூன்றாவது பொருள். அங்கே அளவு குறைந்திருப்பது நோய் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். தீர்ந்துவிட்டதற்குச் சாட்சி அல்ல. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அடிமட்டத்தில் இருக்கும்போதே பி.எஸ்.ஏ. அடுத்தடுத்து ஏறினால், அந்தச் சிகிச்சையின் பிடி தளர்கிறது என்று பொருள்.

எல்லையைத் தாண்டிவிட்டாலும் ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது. உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி ஏரியில் இன்று எத்தனை அடி என்று மட்டும் கேட்டு நாற்று விடுவதில்லை. தண்ணீர் ஏறுமுகமா, இறங்குமுகமா, எத்தனை நாளில் எவ்வளவு என்றும் கேட்பார். பி.எஸ்.ஏ.வுக்கும் அதே கணக்கு. அளவு இரட்டிப்பாக மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் நோய் வேகம் பிடித்திருக்கிறது. பதினைந்து மாதத்துக்கு மேல் ஆனால் அது மந்தமானது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்ட 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியவர்களுக்கு, நோய் வேறு இடங்களுக்குப் பரவியது தெரியவர ஆன காலத்தின் இடைநிலை அளவு எட்டு ஆண்டு. எண் ஏறியதும் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய கணக்கு இது. அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் ஏறுகிற அளவு 0.5-ஐத் தாண்டுவதற்குள் கரண்ட் வைத்தால் பலன் கூடுதல். பயந்து ஓடவும் வேண்டாம், அசந்து இருக்கவும் வேண்டாம் என்ற இந்த நடுவழி, எண்ணை வாசிக்கத் தெரிந்தவருக்கே வசப்படும்.

இதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார், நமக்கெதற்கு என்று கேட்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இருப்பவருக்கு ஊருக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய் வரலாம். வசதி இருப்பதாலேயே ஆபரேஷன் ஓரிடம், கரண்ட் ஓரிடம், ரத்தம் எடுப்பது வீட்டருகே ஒரு லேப் என்று பிரிந்துபோக வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறையும் ஓ.பி.யில் அதே மருத்துவர் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. எல்லா இடத்துக்கும் பொதுவாக வந்து போகிறவர் நோயாளி ஒருவரே. பழைய சீட்டுகள் அவர் பையில் இல்லாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார மருத்துவருக்கும் கையில் இருப்பது ஒரே ஒரு எண்தான். லேபுக்கு லேப் கருவியும் ரசாயனமும் மாறுவதால் அளவும் கொஞ்சம் மாறும். 0.1, 0.2 என்று பேசுகிற இடத்தில் அந்தக் கொஞ்சமே அதிகம். முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பதும், ஏறியதாகத் தெரிந்தால் இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்வதும் அதனால்தான்.

பி.எஸ்.ஏ. பரிசோதனையே நம்பத்தக்கதல்ல என்று மேல்நாட்டு அறிஞர்களே சொல்கிறார்களே என்பது அடுத்த தடை. 1970-ல் புரோஸ்டேட் திசுவிலிருந்து ஆன்டிஜென்களைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லினே இதைக் கடுமையாக விமர்சித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் சாடியது, நோயின் அறிகுறி ஏதும் இல்லாத ஆண்களையெல்லாம் இந்தப் பரிசோதனையால் சலிப்பதை. சிகிச்சை பெற்றவரைக் கண்காணிப்பது வேறு வேலை. அமெரிக்க அரசு 1986-ல் இதற்கு முதன்முதலாக அனுமதி தந்ததே அந்த வேலைக்காகத்தான். நோயைக் கண்டுபிடிக்க உதவும் கருவியாக அனுமதித்தது 1994-ல். எண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கெடும் என்ற தடையில் நியாயம் அதிகம். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. அதற்கு மருந்து, மருத்துவர் சொன்ன இடைவெளிக்கு முன்னால் எடுக்காமலிருப்பது. முதல் சில ஆண்டுகள் மூன்று அல்லது ஆறு மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்பது பெரும்பாலும் போதும். எண் தெரியாமலிருப்பதால் பயம் போய்விடாது; பொருள் தெரிந்தால்தான் அது தன் அளவுக்குள் நிற்கும்.

செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் மருத்துவமனை தமிழில் இரண்டு வரி எழுதித் தரலாம்: இவருக்கு நடந்த சிகிச்சை இது, பி.எஸ்.ஏ. இந்த அளவைத் தொட்டால் உடனே வரவும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் அதைக் குறிக்க வேண்டியவர் மருத்துவரே. அதுவரை வீட்டார் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, லேப், அளவு, அப்போது ஓடிய மருந்து ஆகியவற்றை வரிசையாக எழுதி வரட்டும். ஓ.பி.யில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் சரியான முடிவெடுக்க மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் வேண்டும்.