மீனுக்கு முன்னால் வருகிறவர்கள்

கடல்நீரில் எதுவும் வளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் கடற்படுகைக்கு 53 மீட்டர் கீழே, 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியாக வருகிறது. கடல்நீர் பட்ட எந்தச் சுவரிலும் முதல் நாளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் படியும். அதன்மேல் பழுப்புப் பாசி. பிறகு கொட்டலசு, சிப்பி. விட்டுவைத்தால் குழாயே அடைபட்டுப்போகும் என்பதால் குளோரின் கலந்து விரட்டுவோம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது; ஆனால் இரவு பகலாக விட வேண்டும்.

இப்போது மும்பையில், அணுசக்தி நகரில் மகளின் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, அதே படலம் எப்போது படியும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் பேத்தி பவளத்தொட்டி வைக்கிறாள். தாத்தா கெமிஸ்ட் என்பதால் உதவியாள் வேலை எனக்கு.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 190 லிட்டர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், செம்பு இருக்கலாம், இரண்டும் ஆகாது. சுத்திகரித்த தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடலுப்புக் கலவை தனியாக விற்கிறார்கள். “சுத்திக் கடல் இருக்கே, ரெண்டு குடம் மொண்டுட்டு வந்தா ஆகாதா?” என்றாள் என் மனைவி. நாங்கள் இருக்கும் ட்ராம்பேயை ஒட்டி இருப்பது தாணே கழிமுகம். அந்தச் சேற்றையும் ஊர்க் கழிவையும் வீட்டுக்குள் கொண்டுவர எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் நிரம்பி, மோட்டாரும் ஓடத் தொடங்கிவிட்டது. மீன் மட்டும் இல்லை. வருகிறவர்களெல்லாம் “மீன் எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். கிராஃபோர்டு மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறான், வாங்கிப் போட வேண்டியதுதானே என்று யோசனையும் சொல்கிறார்கள்.

போட்டால் செத்துப்போகும். மீனின் கழிவும் தின்னாத தீனியும் அமோனியாவாக மாறும். செம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அமோனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கே இருக்கும் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் ஆலையில் யூரியா ஆவதே அதுதான். பயிருக்கு உரமாவது மீனின் செவுளுக்கு நஞ்சு. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருப்பதால் அதன் கடுமை இன்னும் கூடுதல். இந்த அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் வர வேண்டும். நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தின் கழிவுதான் இரண்டாவதற்குச் சாப்பாடு. அதனால் முன்னது நிலைகொள்ளாமல் பின்னது வராது.

அவற்றுக்குத் தீனியாக ஓர் இறாலைப் போட்டு அழுகவிடுவது பழைய வழக்கம். கூடத்தில் இறால் அழுகுவதா என்று வீட்டில் ஒரே ரகளை. கடைசியில் கைகொடுத்தது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவியதும் வெள்ளைப் புகை கிளம்புமே, அந்த அமோனியம் குளோரைடுதான். பாத்திரக்காரரிடம் கிடைப்பது தொட்டிக்கு ஆகாது. ஆய்வகத் தரம் வேண்டும். ஒன்றரை கிராம் போட்டால் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும்.

பிறகு காத்திருப்பு. உறை ஊற்றிய பால் ஓர் இரவில் தயிராகிவிடுகிறது. இவை அந்த ஜாதி இல்லை. ஒன்று இரண்டாகவே அரை நாள், ஒரு நாள் ஆகும். வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890 வாக்கில் இவற்றைத் தனியே பிரித்தெடுத்தார். மற்ற நுண்ணுயிர்களுக்குப் போடுகிற சத்தான உணவையெல்லாம் நீக்கிய பிறகுதான் அவருக்கு இவை அகப்பட்டன.

கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை வைத்தால் நாள் குறையும், ஏனென்றால் நுண்ணுயிர்கள் அதிலேயே குடியிருக்கும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் அப்படிக் கல்லையும் காற்றுக்குமிழியையும் மட்டும் வைத்துக் கடல்மீன் வளர்க்கும் முறையை 1961-ல் எழுதினார். நமக்கு அது முடியாது. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு நியாயம் என்றே சொல்வேன். ஆகவே எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல். வெறுங்கல்லில் குடியேற வாரக்கணக்கில் ஆகும்.

காலையில் ஜன்னலோரம் பேத்தி கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டு எண்ணி விடுவாள். குலுக்கிவிட்டு வண்ண அட்டையோடு ஒட்டிப் பார்ப்பாள். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. முதலில் அடர்பச்சை. பச்சை வெளிறத் தொடங்கியபோது நைட்ரைட் குழாய் ஊதாவாக ஏறியது. அதுவும் இறங்கும் என்று இருக்கையில் மணலும் கல்லும் பாசி படிந்து ஒரே பழுப்பாகிவிட்டன.

“தாத்தா, எல்லாம் நாசமாயிடுச்சு. தண்ணிய மாத்திக் கல்லத் தேச்சுடவா?”

“கைய எடு, கண்ணு. அவங்க முறை வந்திருக்கு, வந்திருக்காங்க.”

கல்லை எடுத்துத் தேய்த்துக் கழுவியிருந்தால் குடியேறியவர்களில் பாதிப் பேர் சாக்கடைக்குப் போயிருப்பார்கள். மறுபடி முதலிலிருந்து. இந்த மாதிரிக் குவார்ட்டர்ஸ்களில் புதுக் குடித்தனங்களிலும் இதையே நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டிக்குள் முதல் சண்டை வந்ததும் ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ரயிலேறி வந்து அதைத் துடைத்துவிடுவார்கள். துடைத்த இடம் பளிச்சென்று இருக்கும். ஆனால் தங்கள் கசப்பைத் தாங்களே தின்று செரிக்கும் திறன் அந்த இருவருக்கும் வராது. அடுத்த சண்டைக்கும் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். பெரியவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். குழாயை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கலாம். விஷம் எல்லை தாண்டினால் கை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் பழுப்பைக் கண்டதுமே கை வைப்பது நம் மனசு ஆறுவதற்காகத்தான்.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம் முதலில், மீன் பிறகு என்ற இந்த வரிசை, இந்த ஊரை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ட்ராம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது 1956-ல். மறு வருஷமே, இந்திய அணுசக்தித் திட்டத்துக்கு அடித்தளமிட்ட ஹோமி பாபா டிரெயினிங் ஸ்கூலைத் தொடங்கிவிட்டார். விற்க ஒரு யூனிட் அணுமின்சாரம் இல்லாத காலத்தில் பையன்களுக்கு ஓராண்டு சம்பளம் கொடுத்துப் பாடம். தாராப்பூரில் மின்சாரம் வந்தது 1969-ல். பாபா 1966-லேயே விமான விபத்தில் போய்விட்டார்.

பழுப்புத் தானாகவே மங்கியது. அமோனியா போட்ட மறுநாளே குழாய் மஞ்சளாக நிற்கிறது, நைட்ரைட்டும் இல்லை. மிஞ்சிய நைட்ரேட்டைக் குறைக்க ஒரு தரம் தண்ணீர் மாற்றினோம். அதை வாயுவாக்கி வெளியேற்றுகிறவை கல்லின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத துவாரங்களில் குடியேறும். அதற்கு மாதங்கள் ஆகும். முதலில் பாசி மேயும் நத்தைகள், அப்புறம் ஒரு ஜோடி கோமாளி மீன். அதைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வகுத்திருக்கிறது. கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணைக் குஞ்சுதான் வாங்க வேண்டும் என்பதில் பேத்தி கறார்.

சட்டம் அனுமதிக்கிற பவளம் ஏதாவது வைப்பது பற்றித்தான் இழுபறி. தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. மும்பையின் மே மாதத்தில் அது தானாக நடக்காது. மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கோடைச் சூட்டில் பவளங்கள் வெளுத்தன. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியாக வேண்டும் என்கிறாள் பேத்தி. விலையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை.