காலைத் தூக்காமல் ஏறலாம்!

ஆபீஸில் எல்லோரும் புல்லட், பல்சர். நான் மட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100.

"என்ன சார், தக்காளி லோடா?"

சிரித்துக்கொண்டே ஸ்டாண்ட் போடுவேன். கியர் கிடையாது. தர்மபுரி நாலு ரோட்டில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒல்லியாக நுழைந்துவிடும். மேடு வந்தால்தான் கொஞ்சம் முனகல்.

1980-ல் டி.வி.எஸ். 50 ஓசூரில் பிறந்தபோது, அது எங்கள் மாவட்டம். 2004-ல்தான் கிருஷ்ணகிரியோடு பிரிந்தது. அந்த டி.வி.எஸ். 50-ல்தான் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். என் காலேஜ் ஃபீஸுக்காக விற்றுவிட்டார்.

இப்போது அவருக்கு மூட்டுவலி. பைக்கில் காலைத் தூக்கிப்போட முடியாது. பைக் வாங்கத்தான் ஷோரூம் போனேன். கூட வந்தவர் மூலையில் நின்ற எக்ஸ்.எல்.லின் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் என்ன!

ஞாயிற்றுக்கிழமையானால் சாவி எனக்குக் கிடைக்காது.