குப்பி விளக்கும் வெட்டுப்புள்ளியும்

சங்குப்பிட்டியில் இப்போது பாலம் இருக்கிறது. 2011 தையில் திறந்தது. பஸ் ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது; கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தால் கேரதீவு. அந்தக் காலத்தில் அது 'பாதை'. நீங்களும் அதில் ஏறியிருப்பியள். பஸ்சால் இறங்கி, வரிசையில் நிண்டு, லொறியும் ஆடும் சைக்கிளும் மனிசருமாய் அந்தத் தட்டில் ஏறினால், கடனீரேரியை அது தன் பாட்டுக்கு அசைந்து அசைந்து கடக்கும். சேற்று மணமும் உப்புக் காத்தும் டீசல் புகையும் ஒன்றாய் மூக்கில் ஏறும். அவசரப்படுகிறவனுக்கு அங்கே வேலையில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கூட விடுதலைக்கும் நான் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போனேன். கையில் ஒரு உமல். அதற்குள் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த அரிசியும், பேசாலைக் கருவாடும். ஐயா தன் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுகிறது. மாமி படலையடியிலேயே உமலை வாங்கி மணந்து பார்ப்பா. "அண்ணை இந்தமுறை சீலாக் கருவாடு விட்டிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டுதான் என்னைப் பார்ப்பா. "வா மருமோன், காலைக் கழுவிப்போட்டு வா."

கொக்குவில் விடியல் துலாவின் சத்தத்தில்தான் தொடங்கும். பக்கத்து வளவில் புகையிலைக்குத் தண்ணி இறைப்பார்கள். கிறீச்... ஓர் இடைவெளி... பிறகு தண்ணி கொட்டுகிற சத்தம். அந்தச் சத்தம் ஓய முதல் ஒழுங்கை முழுக்க சைக்கிள் மணி கேட்கும். எல்லாம் ரியூசனுக்குப் போகிற பெடியள், பெட்டையள். கிடுகால் வேய்ந்த நீளக் கொட்டில், வாங்கு, கரும்பலகை, நூறு நூற்றைம்பது தலை. பின்வாங்கில் இருந்து நானும் எட்டி எட்டிப் பார்ப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனத்துக்கு வாத்தியார் வந்து மூன்றாம் மாதம் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிப்பெற் என்ற சாமானை நான் முதன்முதல் கையில் பிடித்தது கொக்குவிலில்தான். மச்சான் சிரித்தான். "டேய், அதைச் சுருட்டு மாதிரிப் பிடிக்காதை."

மச்சான் என்றால் மாமியின் மூத்தவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பாடங்கள்: தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம். அவன் வீட்டில் லைற் இருந்தது. எங்கள் வீட்டில் குப்பி விளக்கு. மைப்போத்தல் மூடியில் துளை போட்டுத் திரியை விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது. இரவு பத்து மணிக்கு மேலே ஐயா இருட்டுக்குள் இருந்து குரல் கொடுப்பார்: "எண்ணெய் காணுமோ தம்பி?" படித்தது போதும் என்று சொல்கிறாரா, இன்னும் படி என்கிறாரா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும்.

ஓ.எல். முடிந்ததும் என்னையும் கொக்குவிலிலேயே விட்டுப் படிப்பிக்கலாம் என்று மாமிக்கு ஆசை. ஐயாவுக்கும்தான். எங்கள் பெரிய வாத்தியார்தான் மறித்தார். வயல் வரம்பில் நிண்டு, குடையை ஊன்றிக்கொண்டு, அவர் ஐயாவுக்கு விளங்கப்படுத்தியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "அங்கை விட்டால் பெடியன் யாழ்ப்பாணத்துக் கணக்கிலை விழுந்திடுவான். இங்கை இருந்து சோதினை எடுக்கட்டும். மன்னார்க் கணக்கு வேறை." பிறகு விரலை மடக்கினார். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற நூறு பேரில் 30 பேர் நாடு முழுக்கப் புள்ளிக்கணக்கில். 55 பேர் மாவட்டத்துச் சனத்தொகைப்படி. மிச்சம் 15 பேர் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மொனராகலை என்று அந்தப் பட்டியல் போகும். ஐயாவுக்குக் கணக்கு விளங்கவில்லை. 'பின்தங்கிய' என்ற சொல் மட்டும் விளங்கியது. கொஞ்ச நேரம் குளக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டார். "சரி வாத்தியார், பின்தங்கினதாலை ஒரு பலன் வருமெண்டால் வரட்டும்" என்றார்.

அதனால்தான் எனக்கு இந்தப் பாதைப் பயணம். படிப்பு விடுதலையில் யாழ்ப்பாணத்தில், சோதினை மன்னாரில்.

பின்னேரத்தில் மச்சானும் நானும் ஒரே சைக்கிளில் யாழ்ப்பாண நூலகத்துக்குப் போவோம். அவன் மிதிப்பான், நான் பாரில். வெள்ளைக் கட்டடம், வாசலில் சரஸ்வதி. உள்ளே போனால் ஒரு குளிர்ச்சி. அது மின்விசிறியின் குளிர்ச்சியில்லை. பழைய கடதாசியும் மெழுகிய நிலமும் உயரமான கூரையும் சேர்ந்து தருகிற குளிர்ச்சி. கதிரையை இழுக்கிற சத்தத்துக்கே நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். மச்சான் லோனியின் நிலையியல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காய்ச் சிவப்பு மட்டைக் கொப்பியில் எழுதுவான். கேள்வி இங்கிலீசில், செய்கை தமிழில். வரைபடத்துக்கு மட்டும் நுனி கூரான பென்சில். போட்டோக்கொப்பி என்பது எங்கள் கைக்கு எட்டாத காலம். கை நோகும்போது எனக்குத் தள்ளிவிடுவான், நான் எழுதுவேன். கொப்பி முழுக்க இரண்டு பேருடைய எழுத்தும் மாறி மாறி வரும். கடைசி விடுதலை முடிந்து நான் திரும்பும்போது, "இதை நீ கொண்டுபோ. எனக்கு வேணுமெண்டால் புத்தகம் இங்கைதானே கிடக்கு" என்று உமலுக்குள் வைத்தான்.

புத்தகம் இங்கேதானே கிடக்கு.

மாமா ஓய்வுபெற்ற வாத்தியார். சாய்மனைக் கதிரையும் சுருட்டும். இந்தப் புள்ளிக் கணக்குகளெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1971 அனுமதிக்குப் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழ்மொழியில் எழுதினவனுக்கு 250 வேணும், சிங்களத்தில் எழுதினவனுக்கு 227 காணும் என்பதை அவர் கந்தசஷ்டி கவசம் மாதிரிச் சொல்லுவார். பிறகு தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. மொழிக்கொரு கணக்கை 70களின் கடைசியில் எடுத்துவிட்டார்கள், மாவட்டக் கணக்கு நின்றுவிட்டது. மாமா சுருட்டைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பார். என்னை வைத்துக்கொண்டு மாவட்டக் கணக்கை அவரால் முழுதாய்த் திட்டவும் முடியாது. "மொழியைப் பாத்து வெட்டினது அநியாயம். இது... இது வேறை மாதிரியான ஒரு வில்லங்கம்" என்று முடிப்பார். மாமி உள்ளே இருந்து, "பெடியள் படிக்கட்டும், நீங்கள் உங்கடை சுருட்டைப் பாருங்கோ" என்பா.

1980இல் சோதினை. மறுமொழி வந்தபோது மச்சானுக்கு என்னைவிட முப்பத்துச் சொச்சம் புள்ளி கூட. அவன்தான் எனக்குக் கடிதம் எழுதினான், சந்தோசமாய், 'இரண்டு பேரும் ஒரே அறையிலை இருப்பம்' என்று. பிறகு மாவட்டம் மாவட்டமாய் வெட்டுப்புள்ளி வந்தது. என் புள்ளி மன்னாருக்குக் காணும். அவன் புள்ளி யாழ்ப்பாணத்துக்குக் காணாது.

கொக்குவிலுக்குச் சொல்லப் போக எனக்குக் கால் வரவில்லை. ஐயாதான் கூட்டிக்கொண்டு போனார். பாதையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. மாமி படலையடியில் உமலை வாங்கினா. அன்றைக்கு மணந்து பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போய்ப் பயறு வறுக்கத் தொடங்கினா. எனக்கும் மச்சானுக்கும் பக்கத்தில் பக்கத்தில் பாயசம் வைத்தா, ஒரே அளவு கிண்ணத்தில். "நீ வடிவாய்ச் சாப்பிடு மருமோன். அண்ணையின்ரை பிள்ளை போனாலும் என்ரை பிள்ளை போனாலும் ஒண்டுதான்." மச்சான் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுத்தான் வெளியே போனான். சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குப் பார் வெறுமனே போனது.

இரண்டாம் முறை எடுக்கப்போகிறேன் என்று அவன் தினமும் நூலகத்துக்குப் போய்வந்தான். 1981 மே கடைசி இரவு அது எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒன்று மட்டும்தான் கண்ணுக்குள் நிற்கும்: முதுகு கிழிந்து, துணி ஒட்டின லோனி. எங்களிடம் எஞ்சினது சிவப்பு மட்டைக் கொப்பி. அது பேராதனையில் என்னோடு இருந்தது.

முருங்கனில் றெயில் ஏறி, மதவாச்சியில் இறங்கி, பொல்காவலையில் மாறி, பேராதனை போய்ச் சேர ஒரு யுகம். அங்கே எல்லாம் ஈரம். ஹந்தானை மலையில் மஞ்சு இறங்கும். துவைத்த சறம் மூன்று நாளைக்குக் காயாது. மகாவலிக்கு இந்தப் பக்கம் பொறியியல் பீடம், அக்பர் விடுதி. முருங்கனிலிருந்து போனவனுக்கு இவ்வளவு பச்சை ஒரே இடத்தில் இருப்பதே நம்பமுடியாத காரியம்.

என் அறைக்காரன் மொனராகலை. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு பேருக்கும் சரியாய்த் தெரியாத இங்கிலீசில்தான் விரிவுரையும் எங்கள் கதையும். ஒருநாள் கரண்ட் போனது. அவன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் கொளுத்தினான். மைப்போத்தல், மூடியில் துளை, திரி. நான் "குப்பி விளக்கு!" என்று கத்திவிட்டேன். அவன் என்னைப் பார்த்து, "குப்பி லாம்புவ!" என்றான். அன்றிரவு கரண்ட் வந்த பிறகும் நாங்கள் அதை அணைக்கவில்லை. அவன் ஐயாவும் வயல்காரன்தான். யானை வந்து வயலை மிதித்த வருசம் சோதினைக்குக் கட்டக் காசில்லாமல் இருந்த கதையைச் சொன்னான். அவனும் அந்த 15க்குள் வந்தவன். கொழும்புப் பெடியள் சிலர் எங்களைப் பார்த்துப் 'பட்டியல்காரர்' என்று பகிடி விடுவார்கள். எங்களுக்கு முதல் தவணை நாக்குத் தள்ளினது உண்மை. இங்கிலீஸ்தான் மென்னியைப் பிடித்தது, கணக்கில்லை. விளங்கினவன் விளங்காதவனுக்கு இரவில் இருத்திச் சொல்லிக்கொடுக்கிறதுக்குக் கம்பசில் 'குப்பி' என்றுதான் பேர். எங்கள் அறையில் குப்பிக்குப் புத்தகம் மச்சானின் கொப்பி. மொனராகலைக்காரன் தமிழ் எழுத்தைத் தாண்டித் தாண்டிக் கணக்கின் வரிகளை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு போவான். "மச்சாங், உன் மச்சாங் கெட்டிக்காரன். எங்கே படிக்கிறான்?" என்று ஒருக்கால் கேட்டான். நான் மறுமொழி சொல்லாமல் வெளியே போய் மழையைப் பார்த்தேன்.

மன்னாரிலிருந்து அந்த வருசம் ஒரே றெயிலில் மூன்று பேர் போனோம். நான், பேசாலைச் சம்மாட்டியிடம் கூலிக்கு வலை இழுத்தவரின் மகன், எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஒருத்தி. அவளுடைய வாப்பா மதவாச்சிவரை கூட வந்து, மூன்று பேருக்கும் தொதல் வாங்கித் தந்து, "மூண்டு பேரும் ஒரு தாய் பிள்ளையள் மாதிரிப் போய் வரோணும்" என்று சொல்லித்தான் இறங்கினார். 1990இல் அவர்களுடைய ஊரே வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனது. அதே வருசத்தோடு தலைமன்னார் றெயிலும் நின்றது. 2015இல் தண்டவாளம் புதிதாய்ப் போட்டு மறுபடி ஓடத் தொடங்கியது. முருங்கனில் நிற்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பேன். தொதல் மணம் வராது.

83 ஆடி லீவுக்கு ஊருக்கு வந்த நான், கலவரத்தால் நினைத்தபடி திரும்பிப் போகவில்லை. போனபோது அறை மாறியிருந்தது, மொனராகலைக்காரனும் மாறியிருந்தான். கொப்பி அவனோடு. அடுத்த வருசம் மச்சான் ஏரோபுளட்டில் கிழக்கு பெர்லின் போய், சுவரைத் தாண்டி, ஜெர்மன்காரனாகிவிட்டான். அங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டினான். என்னைவிட நல்ல எஞ்சினியர் அவன். இதை நான் மாமியிடம் அவ கண் மூடும்வரை சொல்லவில்லை.

போன கிழமை கொக்குவிலில் இருந்தேன். துலா இல்லை, மோட்டர் உறுமுகிறது. மாமியின் மகளின் பேத்தி பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தாள். இசற் புள்ளி, மாவட்ட நிலை என்று ஏதேதோ. இப்போது கணக்கு 40, 55, 5 என்று மாறியிருக்கிறது. அந்த 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. "வாசி பார்ப்பம்" என்றேன். நுவரெலியா, அம்பாந்தோட்டை, யாழ்ப்பாணம்...

"நில்லு. திருப்பி வாசி."

"யாழ்ப்பாணம், தாத்தா. பிறகு கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு..." அவளுக்கு அதில் ஒரு புதினமுமில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து யாழ்ப்பாணம் அப்படித்தான். நான் எழும்பி முற்றத்துக்குப் போனேன். சாய்மனைக் கதிரை இருந்த இடத்தில் தண்ணித் தாங்கி நிற்கிறது.

இரவு மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தான், இருமல் வருமட்டும் சிரித்தான். "அப்ப இனி நான் திருப்பிச் சோதினை எடுத்தால் எடுபடுவன் எண்டுறாய்?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. அங்கே எங்கேயோ கேத்தில் கொதித்து நின்றது.

"டேய், அந்தச் சிவப்பு மட்டைக் கொப்பி உன்னட்டைக் கிடக்கோ?"

"இல்லையடா. அது மொனராகலையிலை கிடக்கும்."

"பறவாயில்லை" என்றான். "அதுவும் பட்டியலிலை இருக்கிற ஊர்தானே."