இரண்டு பிக்கப், ஒரு எஞ்சின்

1998 இல் ரொறன்ரோவில் நானும் மச்சானும் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைத்தோம். எங்கள் பழைய பிக்கப்பின் எஞ்சின் ஓய்ந்துவிட்டது. வாகனம் ஓடாவிட்டால் வாடகைக்குக் காசில்லை. இங்கே பனிக்காலத்தில் வீதிக்குத் தூவும் உப்பு வாகனத்தின் அடியைக் கறளாக்கும். எஞ்சின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அப்படிக் கறள் தின்ற இன்னொன்றை மலிவாக வாங்கினோம். இரண்டும் ஒரே மொடல், 2.4 லீற்றர், காபரேற்றர் வகை. ஆகவே எல்லாம் பொருந்தின. இன்ஜெக்ஷன் வகையென்றால் அதன் கொம்பியூட்டரும் வயர்களும் சேர்ந்தே வரவேண்டும்.

“அத்தான், கழற்றுகிற வயர், குழாய் எல்லாத்துக்கும் எழுத்து ஒட்டுங்கோ” என்றான் மச்சான். உயிரெழுத்து 12 உம் முடிந்து மெய்யெழுத்துக்குப் போனோம். ஞாயிறு இரவு எஞ்சின் ஸ்ரார்ட் ஆனது; திங்கள் வேலைக்குப் போனோம்.

பழைய வாகனம் வாங்கும் உறவுகளே, முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். எஞ்சினை மாற்றலாம், உக்கிய சேசியை மாற்றுவது பெரும்பாடு.