பீப்பாயின் மேல் ஒரு கை

ஓசூருக்குப் பிழைக்க வந்த எங்களுக்குக் கெலவரப்பள்ளி அணைதான் ஞாயிற்றுக்கிழமைகளின் புகலிடம். கரையில் அமர்ந்து படித்த கதைகளைப் பற்றி வாதாடுவோம். மதகு வழியே நீர் பாயும் நாட்களில் வாதம் தானாக நின்றுவிடும். கீழே ஆறு தெரியாது. வெண்ணுரை மட்டுமே தெரியும். காற்றடித்தால் அது பிய்ந்து சாலைக்கும் வயலுக்கும் பறக்கும். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்தபடி தமிழகத்துக்குள் வந்து தேங்கும் முதல் அணை இது. "மேலே இருப்பவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் நினைப்பே இல்லை. நல்ல தலைவர்கள் இல்லாத நாடு" என்று அலுத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

அக்காலத்தில் நாங்கள் வேலை பார்த்தது ஒரு சிறு பட்டறையில். கடைசல் இயந்திரங்களில் ஓடிக் கெட்டுப்போன கூலன்ட் நீரை அங்கே பீப்பாய்களில் சேர்த்து வைப்பார்கள். எண்ணெயும் இரும்புத் துகளும் கலந்து நாறும் நீர். ஒரு மழை இரவில் அதை வெளி வாய்க்காலில் கவிழ்த்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. மழையோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. மறுபேச்சின்றி நாங்கள் பீப்பாயை உருட்டத் தொடங்கினோம்.

மூத்த தொழிலாளி ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பீப்பாயின் மேல் கை வைத்தார்.

"வேணாம்பா. கீழ ஊருங்க இருக்கு. உள்ள வைங்க, காலையில நான் பேசிக்கிறேன்."

காலையில் பேசினார். அவர் வாங்கிய வசவு அறைக்கு வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அந்தப் பீப்பாய் வாய்க்காலுக்குப் போகவில்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878-இல் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவர் கவர்னர் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். அங்கே நின்றபோது எங்களுக்கு நினைவு வந்ததோ, 1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகரசபைத் தலைவராக இருந்த காலத்துச் செய்தி ஒன்று. அக்கிரகாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலையில் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஒருவரை அமர்த்தினார். தம் சாதியாரே எதிர்த்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை நாங்கள் ஏற்பவர்கள் அல்லர். எனினும் அந்தக் குழாயடியில் அவர் தலைவர்தான்.

பட்டறைக்காரருக்கு நாற்காலி கிடையாது. இருவருக்கும் பொதுவானது ஒன்றே: தம் கைக்கு எட்டிய இடத்தில், தம்மவர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும், அங்கே இல்லாத ஒருவருக்காக நின்றார்கள். கடைமடைக்காரனை நினைத்து மடை திறப்பதே தலைமை என்று எங்களுக்குப் படுகிறது.

இப்போதும் அணைக்குப் போகிறோம். மேலே இருப்பவர்களைத் திட்ட வாயெடுக்கையில், பீப்பாயை உருட்டிய எங்கள் கைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.