கண்ணீரும் கண்டுமுதலும்

நம் சினிமாவில் தாசி குலத்தில் பிறந்த பெண்ணுக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று, நல்லவன் ஒருவன் வந்து தாலி கட்டிக் கூட்டிப் போக வேண்டும். இல்லையென்றால் கடைசி ரீலில் செத்துப்போக வேண்டும். அவளுக்கும் வயசாகும், முட்டி வலிக்கும், ரேஷன் கடை வரிசையில் நிற்பாள் என்பதெல்லாம் நம் டைரக்டர்களுக்குத் தோன்றுவதில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' முதல் வகை. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் 1968-ல் படமாக்கினார். சிவாஜியின் நாயனம், பத்மினியின் சலங்கை, நாகேஷின் வைத்தி... எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அதில் மோகனாவின் அம்மா வடிவாம்பாளாக சி.கே.சரஸ்வதி வருவார். எந்நேரமும் பணக்காரன் பின்னால் அலைகிற அம்மா. தியேட்டரில் எல்லோரும் அவளைத் திட்டினோம். ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்களேன். அந்தப் படத்தில் 'வயசான காலத்தில் யார் கஞ்சி ஊற்றுவார்கள்?' என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான்!

இரண்டாவது வகையை விட்டு விலகி, அந்த வாழ்க்கையை உள்ளேயிருந்து பார்க்க முயன்ற படம் 'சிருங்காரம்'. சாரதா ராமநாதன் இயக்கம். 2007-ல் தியேட்டருக்கு வந்தது. 1920-களில் நடக்கிற கதை. மதுரா என்கிற தேவதாசியாக, அப்போது யாருக்கும் தெரியாத அதிதி ராவ் ஹைதரி. அவள் மீது உரிமை கொண்டாடும் மிராசுதாராக மனோஜ் கே.ஜெயன். லால்குடி ஜெயராமன் இசை, மது அம்பாட் ஒளிப்பதிவு, சரோஜ் கான் நடனம். மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. தியேட்டரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் அதை டி.வி.டி-யில், கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெரியம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சொந்தப் பெரியம்மா இல்லை. நாங்கள் சின்ன வயசில் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெரு. மேளக்காரத் தெரு என்பார்கள். பதினோரு வயசில் பொட்டு கட்டி, பதினேழு வயசில் சட்டம் வந்து சலங்கையைக் கழற்றியவர். அவருடைய பேரை எழுதக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. "பேரப் புள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேசுற நேரம் தம்பி" என்றார். இப்போது அவர் இல்லை. நிபந்தனை இருக்கிறது.

படம் ஓட ஓட, நான் ஓரக்கண்ணால் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நடனம் வரும்போது மட்டும் வலது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டன. முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் அழகாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு பேர்ல மானியம் எத்தனை மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காத தம்பி. நெல்லு எங்கேருந்து வருதுன்னு தெரியாம அவ ஏன் அழுவுறான்னு எப்புடித் தெரியும்?"

காவிரிக் கரையில் பிறந்தவர் கேட்கிற கேள்வி. தஞ்சாவூர் பெரிய கோயில் சுவரில் இதற்குப் பதில் ஆயிரம் வருஷமாக இருக்கிறது. ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியமர்த்தினான். ஒவ்வொருத்தி பேரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனாவது வீடு என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல். நம் வீட்டுப் பாட்டிகளின் பாட்டி பேர் நமக்குத் தெரியுமா? அந்த நானூறு பேருக்கும் வீட்டு விலாசத்தோடு பேர் இருக்கிறது.

தலைமுறைகள் உருண்டன. கோயில் சேவைக்கென்று விட்ட மானிய நிலம் அம்மாவிடமிருந்து பெண்ணுக்குப் போனது. நிலம் வேண்டுமென்றால் சேவை தொடர வேண்டும். சேவை தொடர வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பொட்டு கட்டியாக வேண்டும். புரிகிறதா? குழந்தையின் கழுத்தில் ஏறியது பொட்டு மட்டுமில்லை, குடும்பத்தின் கண்டுமுதலும்தான். கோயில் முறையாகச் சோறு போட்டவரை இதற்கு ஒரு மரியாதை இருந்தது. ராஜாக்கள் போய், மிராசுதார்கள் கையில் எல்லாம் வந்த பிறகு, சோறு போடுகிறவன் வேறு கணக்கு கேட்க ஆரம்பித்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டைக்காரர். அவருடைய தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். 1929-ல் வந்த சட்டத் திருத்தம், சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்றது. பொட்டு கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது.

"சட்டம் நல்லதுதான்" என்றார் பெரியம்மா. "எங்க சின்னம்மா பேர்ல ஆறு மா இருந்துச்சு. பட்டா வந்துச்சு. வந்த வேகத்துல ஆம்பளைங்களுக்கு அது குடும்பச் சொத்தாயிடுச்சு. ஆடி சம்பாதிச்சவளுக்கு அடுப்படி மூலை. நான் பாத்தேன் தம்பி."

எந்தப் படத்திலும் இந்த சீன் வந்ததில்லை.

இதே மண்ணில் இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் நேர் எதிராக நின்றார்கள். ஒருவர் மூவலூர் ராமாமிர்தம். மயிலாடுதுறை பக்கம். குழந்தையாக இருந்தபோது பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசியிடம் விற்கப்பட்டவர். வளர்ந்து, இசை சொல்லிக்கொடுத்தவரையே கல்யாணம் செய்துகொண்டு, பொட்டு கட்டுவதை ஒழிக்க ஊர் ஊராகப் போனார். 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று ஒரு நாவலே எழுதினார்.

இன்னொருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சை பிரதாபசிம்ம ராஜாவின் சபையில் இருந்த முத்துப்பழனி என்கிற தாசி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' காவியத்தை 1910-ல் மீண்டும் அச்சிட்டவர். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு தடை போட்டது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி இடிந்து கிடப்பதைக் கண்டு, தன் நகைகளையும் சொத்தையும் போட்டு 1925-ல் கோயில் எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை! கட்டியவளுக்கே இடமில்லை. பெண்களைத் திரட்டித் தனிக் கட்சியே நடத்தினார். 1940 வாக்கில் கட்சிகள் ஒன்றான பிறகுதான் அந்த வழக்குத் தீர்ந்தது. இவர் முத்துலட்சுமி ரெட்டியின் மசோதாவை எதிர்த்தவர். 'எங்கள் கலையையும் எங்களையும் ஒரே கயிற்றில் கட்டித் தூக்காதீர்கள்' என்பது அந்தத் தரப்பின் வாதம்.

யார் சரி? மேடையில் பட்டிமன்றம் வைத்தால் சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பெரியம்மாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"பத்து ரூவாய்க்குப் புள்ளைய வித்ததும் நெசம். எங்க சின்னம்மா பதம் புடிச்சா ஊரே மூச்சு விடாம நின்னதும் நெசம். ஒண்ணைச் சொல்றவங்க இன்னொண்ண மறைக்குறாங்க. அதான் எனக்கு வருத்தம்."

இவ்வளவுதான் விஷயம். கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பெண்கள் பாவப்பட்ட பொம்மைகளாகிவிடுகிறார்கள். கலையை மட்டும் எடுத்துக்கொண்டால், பதினோரு வயசுக் குழந்தையிடம் சம்மதம் கேட்டார்களா என்ற கேள்வி காணாமல் போகிறது. நாம் செய்தது இன்னும் மோசம். ஆட்டத்தை எடுத்துச் சபாவில் வைத்துக்கொண்டு, ஆடியவர்களை மறந்துபோனோம். அந்த மரபில் வந்த பாலசரஸ்வதிக்கு 1977-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. சத்யஜித் ரே அவரைப் பற்றிப் படம் எடுத்தார். சந்தோஷம். ஆனால் ஒரு பாலசரஸ்வதிக்குப் பின்னால், பேரை எழுதாதே என்று சொன்னவர்கள் எத்தனை பேர்?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் 1989-ல் வந்தது. 2022-ல் அதுவே, அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. தாலிக்குப் பதில் படிப்பு. நம் சினிமா யோசிக்காத மூன்றாவது வழி இதுதானே?

அடுத்த தை மாதம் ஆராதனைக்குத் திருவையாறு போவீர்களானால், பஞ்சரத்னம் கேட்டுவிட்டு உடனே கார் பார்க்கிங்குக்கு ஓடாதீர்கள். சமாதிக்கு எதிரே, அதைப் பார்த்தபடி ஒரு பெண் கைகூப்பி உட்கார்ந்திருப்பார். நாகரத்தினம்மாளின் சிலை. ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் பெண் குழந்தை கூட இருந்தால், "இவங்க யாருப்பா?" என்று கேட்கும். குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்லுங்கள்.